யாரால் திறக்கப்பட்டது

பேனா இருக்கிறதா சார்? இருந்தால் ஒரு நிமிஷம் கொடுங்கள். இங்கே ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், பாருங்கள், அது எழுதாது. செத்துப்போன ஹார்டு டிஸ்க்கை எல்லாம் பிழைக்க வைக்கிறார்களாம். எழுதுகிற பேனா ஒன்று வைக்கத் துப்பில்லை.

நன்றி சார். உங்களுடையது என்ன? பென் டிரைவா? சட்டைப் பையோடு துவைத்துவிட்டார்களா! யாருடைய கல்யாண வீடியோ? நீங்கள் ஸ்டூடியோவா? நல்லது. ஒரு கல்யாணத்தையே சோப்புப் போட்டு அலசிப் பிழிந்து கொடியில் காயப்போட்டுவிட்டு வந்து இவ்வளவு நிதானமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைப் பாராட்ட வேண்டும்.

என் பெயர் பரமகுரு. ராஜபாளையம். நூல் மில்லில் ஃபிட்டர். இருபத்தெட்டு வருஷமாக நைட் ஷிப்ட்தான். காலையில் ஷிப்ட் முடிந்து நேரே பஸ் ஏறி இங்கே மதுரைக்கு வந்திருக்கிறேன். கண் சிவந்திருக்கிறதே என்று தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு அது நிரந்தரம்.

இந்தச் சாப்பாட்டுப் பைக்குள் துண்டில் சுற்றி வைத்திருப்பதுதான் டிஸ்க். என் மகள் கோமதியின் லேப்டாப்பில் இருந்தது. பெயர், ஊர், மாடல் நம்பர் எல்லாம் எழுதிவிட்டேன். பதினாறு கேள்வி கேட்டிருக்கிறார்கள் சார், பொண்ணு பார்க்க வருகிறவன்கூட இத்தனை கேட்க மாட்டான். பதினொன்றாவதைத்தான் விட்டிருக்கிறேன். "இச்சாதனம் இதற்கு முன் திறக்கப்பட்டதா? ஆம் எனில் யாரால்? என்ன செய்யப்பட்டது?" அதை எழுதாமல் உள்ளே அனுப்ப மாட்டார்களாம். அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற அம்மாள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். "அங்கிள், உள்ளத உள்ளபடி எழுதுங்க. என்ன பண்ணிருக்காங்கன்னு தெரிஞ்சாதான் எதை வெச்சுத் தொடைக்கணும்னு முடிவு பண்ணுவாங்க. தெரியாமச் சுத்த விட்டா மிச்சம் இருக்கிறதும் சொரண்டிப் போயிரும்."

எழுதுகிறேன். என்ன அவசரம்? ஒரு கடைக்காரன் கெடுத்த கதை சார் இது. ஜெபராஜ் என்று ஒருத்தன். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன், லேப்டாப் சர்வீஸ் வைத்திருக்கிறான். நாற்பது வயதிருக்கும். கடை என்றா சொன்னேன்? நம் வீட்டுப் பீரோவில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும்.

முதலில் அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் பி.எச்டி. செய்கிறாள். எதில் என்று கேளுங்கள். பறவை எண்ணுவதில். சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. எங்கள் ஊருக்கு வெளியே ஒரு கண்மாய். மூன்று வருஷமாக விடிவதற்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்து, கூழைக்கடா இத்தனை, நாமக்கோழி இத்தனை என்று எண்ணுகிறாள். எண்ணிவிட்டுச் சத்தத்தையும் பதிவு செய்கிறாள். முதல் வாரம் நோட்டில் எழுதினாள், நோட்டு தண்ணீரில் விழுந்தது. அதிலிருந்து எல்லாம் லேப்டாப். வேறு எங்கேயும் கிடையாது. இன்டர்நெட்டில் ஏற்றிவைக்கலாமாம், எங்கள் தெருவில் சிக்னல் கிடைப்பதற்குள் அந்தப் பறவையே சைபீரியா போய்த் திரும்பிவிடும். இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வைக் கொடுக்க வேண்டும். அவளுடைய கைடு ஒரே வரியில் சொல்லிவிட்டாராம், "டேட்டா இல்லேன்னா ஆய்வு இல்லம்மா." மூன்று வருஷம் சார். ஆயிரத்துச் சொச்சம் விடியற்காலை. அது இந்தத் துண்டுக்குள் இருக்கிறது.

அவள் ஐந்து மணிக்குக் கண்மாய்க்குப் போவாள். நான் ஏழு மணிக்கு வருவேன். அவள் திரும்பும்போது நான் தூங்கப் படுத்திருப்பேன். அவள் படுக்கும்போது நான் மில்லில் இருப்பேன். ஒரே வீட்டில் இரண்டு ஷிப்ட் மாதிரி. பேச்சு என்று பெரிதாக இல்லை. என் மனைவி சண்முகவடிவுதான் நடுவில் நின்று சேதி சொல்லுவாள்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் வாசலில் நிற்கிறாள். கையில் லேப்டாப். "அப்பா, இது ரொம்ப மெதுவா ஓடுது. உள்ள டக் டக்குனு கேக்குது. கொஞ்சம் பாருங்களேன்."

என்னிடம் கேட்கிறாள் சார். கம்ப்யூட்டர் நான் யாரிடமும் படிக்கவில்லை. மில்லில் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. மேனேஜர் ரூம் பிரிண்டரை மூன்று தடவை சரி செய்திருக்கிறேன். ஆனால் வீட்டில் எவருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள்.

காதை வைத்துக் கேட்டேன். சத்தம் என்றால் எனக்குப் பால் குடிக்கிற மாதிரி. உங்களுக்கு மில் வேலை தெரியுமா? நூல் சுற்றுகிற ஸ்பிண்டில் ஆயிரம் ஒரே நேரத்தில் ஓடும். அதில் எந்த பேரிங் போகப்போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் நுனியை மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பேன். டாக்டர் நெஞ்சில் வைக்கிறாரே, அது மாதிரி. இன்ஜினீயரிங் படித்துவிட்டு வருகிற பையன்கள் ஒரு மீட்டரைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மீட்டர் நம்பர் காட்டுவதற்குள் நான் பேரிங்கைக் கழற்றித் தரையில் வைத்திருப்பேன்.

"பேரிங் பேசுது" என்றேன்.

"இல்லப்பா, அது எதா இருந்தாலும் இருக்கட்டும். உள்ள இருக்கிறதை மட்டும் வேற ஒண்ணுல காப்பி எடுத்துக் குடுத்திருங்க, போதும்" என்றாள்.

இதுதான் சார் இந்தக் காலத்துப் படிப்பு. நோய் என்னவென்று பார்க்காமலே காப்பி! மெஷின் சத்தம் போட்டால் நாங்கள் என்ன, காப்பியா எடுக்கிறோம்? காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சோதிக்க வேண்டும். சோதித்தேன். டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. ஒன்பது மணி நேரம் ஓடியது. கெட்டுப்போன இடம் பதினான்கு. நோட்டில் எழுதி வைத்தேன். மறுபடி ஓட்டினேன், அறுபது. மறுபடி, முந்நூற்றுப் பன்னிரண்டு. பாருங்கள், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கூடுதலாகக் கண்டுபிடித்தேன்!

பதினொரு நாள். பதினொரு நாளும் காலையில் எனக்காக வாசலில் நின்றாள் சார். கண்மாயிலிருந்து சீக்கிரமே வந்துவிடுவாள். டீ போட்டு வைத்துவிட்டு, "இன்னைக்கு எத்தனைப்பா?" என்று கேட்பாள். நான் நோட்டைத் திறந்து நம்பரைச் சொல்வேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டி, "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். "சிம்ப்ளக்ஸ் மெஷின்ல பெல்ட் தளர்ந்திருக்கு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். முக்குளிப்பானாம். அது ஒரு பறவையாம்.

இன்னொன்று போட்டாள். அதில் இவளே பேசுகிறாள். காற்று எந்தப் பக்கம், மணி என்ன என்று. தூரத்தில் எங்கள் மில் சங்கு கேட்கிறது. உடனே இவள் குரல், "ஆறு முப்பது. அப்பாவோட சங்கு அடிச்சாச்சு. நாமக்கோழி நாப்பத்திரெண்டு." இதெல்லாம் ஆராய்ச்சியில் எதற்கு? கேட்டேன். "எல்லா நாளும் அது இருக்கும்ப்பா. மணி பாக்க வேண்டாம்ல" என்றாள். சோதனையை மறுபடி ஓட்டிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் என்ன செய்தாள் தெரியுமா? நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் ஜெபராஜிடம் கொடுத்துவிட்டு, கைடைப் பார்க்க ரெண்டு நாள் வெளியூர் போய்விட்டாள். அப்பனிடம் ஒரு வார்த்தை இல்லை. சண்முகவடிவுதான் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள், "அந்தப் பிள்ளைக்குப் பயமாயிருக்காம். நீங்க எண்ண எண்ண நம்பர் ஏறுதாம்."

எனக்கு எப்படி இருக்கும்? சாயங்காலம் கடைக்குப் போனேன். அவன் ஏதோ பெரிய வைத்தியர் மாதிரி கையைக் கழுவிக்கொண்டே வருகிறான். "அண்ணாச்சி, ரெண்டு நிமிஷம்தான் ஓட்டிப் பாத்தேன். உடனே நிப்பாட்டிட்டேன். இனிமே டெஸ்ட்டு எதும் போட்டா தாங்காது. முதல்ல காப்பி எடுத்துருவோம். அப்புறம் நோயப் பாக்கலாம். காப்பி எடுக்கப் பெரிய டிஸ்க்கு நாளைக்கு மதுரையிலருந்து வந்துரும்."

ரெண்டு நிமிஷம்! நான் பதினொரு நாள் பார்த்ததை இவன் ரெண்டு நிமிஷத்தில் பார்த்துவிட்டான். காதைக்கூட வைக்கவில்லை சார். நான் கேட்டேன், "தம்பி, என்ன பேரிங்னு சொல்லு பாப்போம்." அவன் சிரித்தான். "அண்ணாச்சி, இது மில்லு இல்ல." அந்தச் சிரிப்பு இருக்கிறதே... அதை விடுங்கள்.

அப்புறம் என்ன, அவன் கடையில் இருக்கும்போதுதான் அது திறக்கப்பட்டுப் பாழாய்ப் போனது. அவ்வளவுதான். திறக்கவே கூடாதாம் அதை. ஒரு தூசி போனாலும் ஆகாதாம். அந்த ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றும் நட்சத்திரம் மாதிரி, பொடிப்பொடியாக, கடையில் கிடைக்கிற டிரைவர் சேராது. உள்ளே ஒரு தட்டு சார். வட்டமாக. கண்ணாடி தோற்றது போங்கள். குனிந்தால் முகம் தெரிகிறது. இருபத்தெட்டு வருஷத்தில் என் முகத்தைக் காலை வெளிச்சத்தில் அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை. இப்படியா ஆகிவிட்டோம் என்று...

என்ன பார்க்கிறீர்கள்?

என் முகம் எப்படித் தெரிந்தது என்கிறீர்களா. கடையில் இருந்தது என்றால் என் முகம் எப்படி என்று.

ஸ்டூடியோக்காரர் இல்லையா, அதெல்லாம் சரியாகக் கவனிப்பீர்கள். பென் டிரைவைச் சட்டையிலிருந்து எடுக்க மட்டும் கவனம் வராது.

சரி. நான்தான் திறந்தேன். இப்போது என்ன? அன்று சாயங்காலமே அவனிடம் சொன்னேன், "எம் மக பொருளு, குடு." அவன் கொடுக்க யோசித்தான். "ஒரே ஒரு நாள் பொறுங்க அண்ணாச்சி. ஆன் பண்ணாம வெச்சிருந்தாப் போதும்" என்று கெஞ்சுகிறான். வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். மில் கிரைண்டரில் ஒரு பழைய அலன் கீயைத் தேய்த்து அந்த நட்சத்திர ஸ்க்ரூவுக்குப் பொருந்துகிற மாதிரி நானே செய்தேன். எவன் செய்வான் சார் இப்போது அப்படி? காலையில் வீட்டுக்கு வந்து, சுத்தமான துணி விரித்து, திறந்தேன். சுற்றுகிற பொருள் சத்தம் போட்டால் என்ன செய்வார்கள்? எண்ணெய் விடுவார்கள். ஸ்பிண்டில் ஆயில். மில்லில் நாங்கள் விடுகிற அதே முதல் தர எண்ணெய். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற குப்பியில் கொண்டுவந்து, நடுவில், மூன்றே மூன்று சொட்டு. ஆயிரக்கணக்கான ஸ்பிண்டிலை அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறேன்.

மூடி, மாட்டி, ஆன் செய்தேன். சுற்றியது சார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இழைவாக. சண்முகவடிவைக்கூடக் கூப்பிட்டேன், "வந்து கேளு" என்று. அவள் வருவதற்குள் சர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த டக் டக்கும் இல்லை. காதை வைத்தேன். ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்காத மெஷினை நான் அதுவரை பார்த்ததில்லை.

மத்தியானம் ஜெபராஜ் கடையில் கொண்டுபோய் வைத்தேன். "நீயே காப்பி எடுத்துக்க" என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். சாயங்காலம் கோமதி ஊரிலிருந்து நேரே கடைக்கு வந்தாள். நானும் போனேன், இருக்க முடியவில்லை. அவன் அப்போதுதான் பின்மூடியைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்திருந்தான். ஸ்க்ரூவெல்லாம் கீறியிருந்தது. கோமதி பார்த்துவிட்டாள்.

"யாரு திறந்தது இத?"

நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "கடையிலதானம்மா இருந்துச்சு?"

அது பொய்யா சார்? நீங்களே சொல்லுங்கள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

அவ்வளவுதான், அவனைப் பிடித்துக்கொண்டாள். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். "அண்ணே, உங்கள நம்பித்தான குடுத்தேன்! மூணு வருசம்ணே! திறக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிட்டுத்தானே போனேன்!" என் மகள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அழுகையும் கத்தலுமாக. அதற்கு அந்த ஜெபராஜ் என்ன செய்தான் தெரியுமா? டிஸ்க்கை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். மோந்து பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். என் சட்டையைப் பார்த்தான். நான் வேலைக்குப் போகிற சட்டை, அதில் என்ன வாசம் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் காத்திருந்தேன் சார். சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும் என்று. அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு பில்லைக் கிழித்து, பின்பக்கத்தில் இந்த இடத்து விலாசத்தை எழுதி அவளிடம் நீட்டினான். "இங்க கொண்டுபோங்கம்மா. இவங்கதான் இப்ப பாக்க முடியும். நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றான். தப்பு செய்யாதவன் இப்படி நிற்பானா? செய்யாதவன் என்றால் செய்யவில்லை என்று சொல்ல வேண்டாமா? அவனுக்கு என்ன முதுகெலும்பு இருக்கிறது? எனக்கு அவனை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

இப்போது அந்தக் கடைக்கு ஆள் வருவதில்லை என்று சண்முகவடிவு சொன்னாள். கோமதி தன்னோடு படித்த பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவிட்டாளாம். ஒரு வாரத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்? என்னைப் பார்த்தாலும் அதே பேச்சுதான். "உங்க கையிலயே விட்டிருக்கணும்ப்பா. அவரு கிட்டக் குடுத்தது என் தப்பு." டீ வைத்துக் கொடுத்துவிட்டுச் சொல்கிறாள். அந்த டீயை எப்படிக் குடிக்கிறது, சொல்லுங்கள்.

இன்றைக்கு அவள் வரவில்லை. கண்மாயில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் போய்விட்டாலும் இந்த ஒரு சீசனையாவது மறுபடி எண்ணுகிறேன் என்று. அது ஆய்வாகாது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் போகிறாள். நேற்று சொன்னாள், "அப்பா, அங்க ஃபாரத்துல ஜெபராஜ் அண்ணன் என்ன பண்ணாருன்னு கேட்டு எழுதிக் குடுங்க. அது முக்கியமாம்."

எழுதிவிடலாம் சார். "கடைக்காரர் திறந்தார், என்ன செய்தார் என்று தெரியவில்லை." பத்து வார்த்தை கூட ஆகாது. முடிந்தது வேலை. ஆனால் தெரியவில்லை என்று எழுதினால் இவர்கள் எதை வைத்துத் துடைப்பார்கள்? தண்ணீரையா? எண்ணெய் போகுமா தண்ணீரில்? இவர்களுக்கு எண்ணெயைப் பற்றி என்ன தெரியும்? ஏசி ரூமில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள். ஸ்பிண்டில் ஆயில் படிந்தால் எப்படிப் படியும், எதில் கரையும், எத்தனை நாளில் பிசுபிசுக்கும், அதெல்லாம் என்னைக் கேட்க வேண்டும். என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள், பதினொன்றாவது கேள்வியில்.

எண்ணெய் என்று மட்டும் எழுதிவிட்டு, பெயர் எழுதாமல் விட்டுவிடலாமே என்கிறீர்களா? அதையும் யோசித்துவிட்டேன். பஸ்ஸில் ரெண்டு மணி நேரம் அதைத்தான் யோசித்தேன். கவுண்டர் அம்மாள் முன்னாலேயே சொல்லிவிட்டாள், "டிஸ்க்கு கோமதி மேடம் பேர்ல இருக்கிறதால, ஃபாரத்தப் படம் எடுத்து அவங்க நம்பருக்கு அனுப்பிருவோம் அங்கிள்." ஸ்பிண்டில் ஆயில் என்று பார்த்த அடுத்த நொடி அவளுக்குத் தெரியும். நூல் மில் வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டுத் தலையணையே அந்த வாசம்தான். அப்புறம் பெயர் எதற்கு?

ஆயிரத்துச் சொச்சம் காலை சார். ஒவ்வொன்றிலும் அந்தச் சங்கு இருக்குமாம். ஒரு நாள்தான் நான் கேட்டேன். மீதி எல்லாம் இதற்குள்.

வருகிறேன் அம்மா, வருகிறேன், ஏன் கத்துகிறீர்கள்? மூன்று தடவை கூப்பிட்டால் காது கேட்காதவன் என்று நினைத்துவிட்டாளா? ஆயிரம் ஸ்பிண்டிலுக்கு நடுவில் ஒரு பேரிங்கைக் கேட்கிற காது இது.

கொஞ்சம் அந்தப் பலகையை நகர்த்துங்கள் சார், கை வைக்க. "திறக்கப்பட்டதா?" ஆம். "என்ன செய்யப்பட்டது?" ஸ்பிண்டில் ஆயில், மூன்று சொட்டு, மில்லில் விடுவது. அதற்கு முன் முழுச் சோதனை, பதினொரு நாள். ஆமாம், அதையும்தான் எழுதுகிறேன். எண்ணிக்கையும் போடவா? பதினான்கு, அறுபது, முந்நூற்றுப் பன்னிரண்டு. பார்க்கட்டும். "யாரால்?"

பெயர் மட்டும் போதுமா சார், உறவும் எழுத வேண்டுமா? கேட்கவில்லை, ஆனால் இடம் இருக்கிறது.

இந்தாருங்கள், உங்கள் பேனா. ஸ்டூடியோ வைத்திருக்கிறவர் இன்னும் கொஞ்சம் நல்ல பேனாவாக வைத்துக்கொள்ளக் கூடாதா? அப்பா என்று எழுதுவதற்குள் இரண்டு தடவை நின்றுவிட்டது.